ஒட்டுத் தெரியாத எருமை

நாணல்குளத்து முப்பிடாதி தியேட்டரில் 'மேகவாகனன்' இரண்டாம் பாகம் வெளியான வெள்ளிக்கிழமை, காலைக் காட்சி முடிந்து கதவைத் திறந்துவிட்டபோது, உள்ளேயிருந்து வந்த சனத்தில் முக்கால்வாசிப் பேர் தரையில் கால் பாவாமல், ஒரு சாண் உயரத்தில் சிலரும், இரண்டு சாண் உயரத்தில் பலரும், பீடி சுற்றுகிற மைமூன் மட்டும் முழுசாக இரண்டு முழ உயரத்திலுமாக மிதந்துகொண்டே வெளியே வந்தார்கள். அடுத்த காட்சிக்கு வெயிலில் வரிசை கட்டி நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "படம் நல்லாருக்கு போலுக்கு" என்று சொல்லிக்கொண்டு நெருக்கி நின்றார்களே தவிர, வேறொன்றும் கேட்கவில்லை.

கேட்க என்ன இருக்கிறது? பிடித்தவன் கால் எழும்புகிறது, பிடிக்காதவன் கால் எழும்பவில்லை, அவ்வளவுதான் கணக்கு. முதல் பாகத்தில் மேகத்தின் மேல் ஏறிச் சவாரி போன வீரன், இந்த இரண்டாம் பாகத்தில் அந்த வரத்தை இழந்துவிட்டு, வெள்ளம் வருகிற ஊருக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து நடந்தே ஒவ்வொரு வீடாகச் சனத்தைத் தூக்கிக் கரை சேர்க்கிறான். படத்தில் அவன் இறங்கிவிட்டான், பார்த்தவர்கள் ஏறிவிட்டார்கள். இதில் நியாயமில்லாதது ஒன்றுமில்லை என்று ஊர் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட விதம்தான் அழகு. தியேட்டர் மேனேஜர் சங்கரபாண்டி முதல் காட்சி முடிந்ததுமே மின்விசிறிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, 'மிகவும் ரசிப்பவர்கள் தலையைக் கவனித்துக்கொள்ளவும்' என்று சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டினார். ஷேர் ஆட்டோக்காரர்கள் இரண்டு சாணுக்கு மேற்பட்டவர்களை ஏற்ற மறுத்தார்கள், கூரைத் துணி கிழிகிறதாம். டீக்கடையில் படம் எப்படி என்று கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை, கையை விரித்து இத்தனை சாண் என்று காட்டினார்கள். காட்டுவதிலும் கள்ளத்தனம் பண்ண முடியவில்லை, அதுதான் சிரிப்பு. விடிய விடியக் கட்டவுட்டுக்கு மாலை கட்டிய ரசிகர் மன்றத் தலைவர் படம் முடிந்து வெளியே வருகையில் அவர் கால் தரையில் அழுத்தமாகப் பதிந்திருந்தது, பாவம், கூட்டத்துக்குள் நுனிக்காலில் நடந்து தப்பித்துப் போனார். எதிர் நடிகரின் ரசிகன் ஒருவன், "குப்பைப் படம், பார்க்காதீங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே முக்கால் முழ உயரத்தில் போனான்.

இறங்குவது எப்படி என்பதையும் ஊரே கண்டுபிடித்தது. மனசில் உள்ளதை இன்னொருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, சொன்ன அளவுக்குக் கால் இறங்கும். சொல்லித் தீர்த்துவிட்டால் தரை. மைமூன் தன் மூன்று மருமகள்களிடமும் சொல்லிச் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தேவசகாயத்துக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. தனிக்கட்டை, பேச ஆள் கிடையாது, வேட்டியை முழங்காலோடு கட்டிக்கொண்டு தெருவிளக்கு உயரத்தில் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் அந்தத் தெருக்காரர்கள் வீட்டுக்கு ஒருத்தராக முறை போட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டார்கள். அவரிடம் இவ்வளவு பேச்சு இருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. இறங்கிய பிறகும் இரண்டு வீட்டில் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

இத்தனை பேர் மிதந்த ஊரில், கால் எழும்பாத ஒருத்தியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். அது ஆவுடையம்மாள்.

ஆவுடையம்மாள் தியேட்டருக்கு எதிர்த்த வரிசையில் தையல் கடை வைத்திருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது, ஒரே மகள். முப்பது வருஷமாக எந்தப் படம் வந்தாலும் முதல் நாள் காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்துதான் மிஷினில் உட்காருவாள். ஜாக்கெட் தைக்க வருகிற பெண்டுகள் துணியைக் கொடுத்துவிட்டுப் படத்தைப் பற்றிக் கேட்பார்கள், அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லுவாள், அந்த வரிதான் அந்த ஊரில் படத்தின் தலையெழுத்து. அவள் கண் தையல்காரி கண். கதையை விட, நடிப்பை விட, எது எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அவளுக்கு முதலில் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பாகம் வந்தபோது, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகள் இசக்கிப்பிரியா போன் பண்ணி, "யம்மா, இந்தப் படத்த மொத நாளே பாரு. பாத்துட்டுக் கூப்பிடு, உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்தவளிடம் சேனல்காரர் ஒருவர் மைக்கை நீட்டினார். ஆவுடையம்மாள் நின்று நிதானமாகச் சொன்னாள். "வானத்தையும் ஆளையும் ஓட்டுத் தையல் போட்டு வச்சிருக்குய்யா. ஒட்டு பூராம் பல்லைக் காட்டுது. எவ தச்சாளோ, அவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியல."

அந்தப் பேச்சை ஊர் உலகமெல்லாம் பார்த்துச் சிரித்தது. வானத்தையும் ஆளையும் கம்ப்யூட்டரில் ஒட்டியது இசக்கிப்பிரியா. அவள் ஆபீஸில் பெரிய திரையில் போட்டு, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது, அவளும் கூடச் சிரித்திருக்கிறாள், அது என் அம்மா என்று சொல்லவில்லை. ராத்திரி போன் பண்ணி, "நான் சொல்ல வந்தது இதுதாம்மா, அத ஒட்டினது நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தவள், அதற்குப் பிறகு இரண்டு தீபாவளிக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஆவுடையம்மாள் அழைத்து அழைத்துப் பார்த்தாள். மகள் எடுக்காத போனை மிஷின் பலகையில் வைத்துக்கொண்டு, தையல் விட்டுப்போன இடத்தைப் பிரித்துத் தைப்பது போல மனுஷ வார்த்தையைப் பிரித்துத் தைக்க முடியாதே என்று நொந்து போனாள்.

இப்போது இரண்டாம் பாகம். வெள்ளிக்கிழமை மைமூன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவள் தரையோடு நடந்து வந்ததை அதே மைக்குக்காரர் படம்பிடித்தார். அவள் வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள், ஆனால் கால் மூடிக்கொள்ளுமா? 'ஊரே மிதக்கிறது, ஆவுடையக்கா மட்டும் தரையில்' என்று போட்டுவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் மகளிடமிருந்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. "அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன். உன் பக்கத்துல உட்காந்து பாக்கேன். உன் கால் எந்திரிக்கா இல்லையான்னு நானே பாத்துக்கிடுதேன். எந்திரிக்கலன்னா பரவால்லம்மா, நான் அப்படியே திரும்பி பஸ் ஏறிருவேன்."

அந்த 'பரவால்லம்மா'தான் ஆவுடையம்மாளுக்கு நெஞ்சில் தைத்தது. மகள் வருகிறாள். கால் எழும்பாவிட்டால் போய்விடுவாள். போனால் இனி வரமாட்டாள்.

அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஏழு தடவை படம் பார்த்தாள். கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தாள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய்ப் பார்த்தாள், கனமில்லாத நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மைமூன் துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு தடவையும் படம் முடிகையில் ஆவுடையம்மாள் தரையில்தான் நின்றாள், காலில் செருப்பு மட்டும் இருக்காது, இருட்டில் காலால் துழாவி எடுப்பாள். "எலி இழுக்குதுய்யா உங்க தியேட்டர்ல" என்று சங்கரபாண்டியைத் திட்டுவாள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. அவளுக்குப் படம் பிடித்தாக வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு கவலை வந்துவிட்டது. தேவசகாயம் வாத்தியார் வீரன் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேரைத் தூக்கினான், கடைசியில் தன் வீட்டுக்கு ஏன் போகவில்லை என்பதையெல்லாம் நோட்டில் எழுதிக் கொண்டுவந்து பாடம் நடத்தினார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். மனசு ஒத்துக்கிடுது, கால் ஒத்துக்கிட மாட்டேங்கு" என்றாள் அவள். சங்கரபாண்டி கடை வாசலில் வந்து நின்று, குரலைத் தணித்துக்கொண்டு, "யக்கா, ஞாயித்துக்கிழமை கதவோரம் இருட்டா இருக்கும். ஒரு சின்ன ஸ்டூலப் போட்டு, சேலையத் தழையவிட்டு நின்னுக்கிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

"எம் மகளுக்குத் தெரியும்" என்றாள் ஆவுடையம்மாள். "பொய்த் தையல் அவகிட்டப் போட முடியாதுய்யா. அவ என் மக."

"அப்ப படத்துல உனக்குப் பிடிச்சது ஒண்ணு கூடவா இல்ல?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. அந்த எருமை. மத்ததெல்லாம் கம்ப்யூட்டர், அது ஒண்ணுதான் நெசம். எந்த ஊர்லயோ மெனக்கெட்டுப் போயி, நிசமான எருமையத் தண்ணிக்குள்ள நிக்கவச்சு எடுத்திருக்கான். அத வச்சு எம் மகளுக்கு என்ன புண்ணியம்? அவ பண்ணுதது கம்ப்யூட்டர்லா."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் இசக்கிப்பிரியா வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே தியேட்டர் வாசலுக்கு வந்தாள். ஆவுடையம்மாள் அங்கே ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியாட்டி?"

"பொறவு பாத்துக்கிடலாம். படம் போட்டுருவாங்க."

அவ்வளவுதான் பேச்சு. பெண்கள் வரிசையில் ஒரு பக்கம் மைமூனும் ஒரு பக்கம் மகளுமாக ஆவுடையம்மாள் நடுவில் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. விசிறி இல்லாத புழுக்கத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது, ஏற்கனவே நாலு தடவை பார்த்தவர்கள் கூட ஆவுடையக்காளுக்காக வந்திருந்தார்கள். திரையில் மேகம் கலைந்தது, வீரன் விழுந்தான், அணை உடைந்தது. மகள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு திரையைப் பார்க்காமல் அம்மாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதம் சிமெண்டுத் தரையில் செருப்போடு செருப்பாக இருந்தது.

அப்போது அந்த இடம் வந்தது. ஊர் சனத்தையெல்லாம் கரை சேர்த்துவிட்டு, கை ஓய்ந்துபோய், வீரன் ஒரு குளத்தங்கரையில் வந்து உட்காருகிறான். மழை தூறுகிறது. குளத்துக்குள் கழுத்தளவுத் தண்ணீரில் ஓர் எருமை நிற்கிறது, இடது காது நுனி கிழிந்த மூளி எருமை. வெள்ளம் வந்ததும் தெரியாது, உலகம் அழிய இருந்ததும் தெரியாது, அது பாட்டுக்கு அசைபோடுகிறது. ஓர் ஈ வந்து முதுகில் உட்காருகிறது. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஈ உட்கார்ந்த அந்த இடத்துத் தோலை மட்டும் ஒரு சிலுப்புச் சிலுப்புகிறது. வீரன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அழுகிறான்.

ஆவுடையம்மாள் வழக்கம் போல மைமூன் பக்கம் திரும்பப் போனவள், இன்றைக்கு மகள் பக்கம் திரும்பினாள். "இங்க பாருட்டி. இது ஒண்ணுதான்..."

"எதும்மா?"

"எருமை. நிசமான எருமை. நீ சின்னப் பிள்ளையா இருக்கையில நம்ம வீட்ல நின்ன மூளிய அப்படியே..."

இசக்கிப்பிரியா அம்மாவின் பாதத்திலிருந்து கண்ணை எடுத்துத் திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "யம்மா. அங்க எருமையே கெடையாது. பச்சைத் துணி விரிச்ச ஒரு தொட்டியும் தண்ணியும்தான். இது நான் செஞ்சது. எட்டு மாசம். காது மட்டும் ரெண்டு மாசம்."

ஆவுடையம்மாள் திறந்த வாய் மூடாமல் எருமையைப் பார்த்தாள். இருட்டில் அவள் செருப்பு ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. மகள் குனிந்து பார்க்கும் முன்னாலேயே அம்மாவின் பாதம் அவள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது, பிறகு தோள் உயரம், பிறகு சேலைத் தலைப்பு முகத்தில் உரசிக்கொண்டு மேலே போயிற்று.

மைமூன்தான் முதலில் பேசினாள். "இப்பம்லா வெளங்குது. யக்கா, நீ எல்லாத் தடவையும் இந்த எடத்துல எந்திரிச்ச. 'என்ன எருமை, என்ன எருமை, தோலப் பாரு மைமூன்'னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லி அங்கனயே இறங்கிட்ட. நீ கால் மாத்தி உட்காருதன்னுல்லா நான் நெனச்சேன்."

வாய் ஓயாத ஆவுடையம்மாள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயடைத்துப்போய் உட்கார்ந்த வாக்கில் தியேட்டர் கூரைக்குப் போனாள், நிறுத்தி வைத்த விசிறிக்கும் மேலே, ஒட்டடைக்குப் பக்கத்தில். படம் முடிந்தது. எந்தத் தியேட்டரிலும் உள்ள வழக்கப்படி, வேலை பார்த்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கியதுமே சங்கரபாண்டி விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தார், சனம் எழுந்தது. நாணல்குளத்தில் அந்தப் பெயர்களை இதுவரைக்கும் ஒருத்தர் பார்த்ததில்லை.

"வெளக்க அணைங்கய்யா" என்று கூரையிலிருந்து குரல் வந்தது. "பேரு ஓடட்டும்."

விளக்கு அணைந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சாப்பாடு போட்டவர், குடை பிடித்தவர், கயிறு கட்டியவர் என்று நூறு நூறாகப் பெயர்கள் மேலே ஏறிப் போயின. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, அதனால் தேவசகாயம் வாத்தியார் எழுந்து நின்று வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிறாற்போல ஒன்று விடாமல் சத்தமாக வாசித்தார். பதினொரு நிமிஷம் ஆயிற்று. கடைசிக்குக் கிட்ட, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரிசையில், "ஆ. இசக்கிப்பிரியா" என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூரையில் ஆவுடையம்மாளின் தலை இடித்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அந்த 'ஆ' அவள் பெயர்.

வெளியே வெயிலில், மகள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்ள, அவள் முருங்கை மர உயரத்தில் வந்தாள். மைக்குக்காரர் ஓடிவந்து ஒரு துரட்டிக் கம்பில் மைக்கைக் கட்டி மேலே நீட்டினார். "ஆவுடையக்கா, படம் எப்படி? ரெண்டு வார்த்தை."

"உங்கிட்டச் சொன்னா இறங்கிருவேன்" என்றாள் ஆவுடையம்மாள். "இது ரெடிமேட் இல்லய்யா. ஒருத்திக்குன்னு அளவெடுத்தது. அவகிட்டதான் கொடுக்கணும்."

ஊர் பின்னாலேயே வந்து, வீட்டு வாசலில் நின்றுகொண்டது, உள்ளே வரவில்லை. அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்த ஊர். உள்ளே ஆவுடையம்மாள் பரணுக்குப் பக்கத்தில் ஓட்டில் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தாள், மகள் கீழே பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றாள் அம்மா.

"தப்பில்லம்மா. ஒட்டு தெரிஞ்சுதுதான். பாத்தவங்கள்ல உனக்குத்தான் தெரிஞ்சுது. அதான் எனக்கு அவ்வளவு கோவம்." மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இந்த ரெண்டு வருசமும் ஒவ்வொரு படத்துண்டையும் உன் கண்ண வச்சுத்தான் பாத்தேன். ஆபீஸ்ல சரின்னு சொன்னதையெல்லாம் நான் மறுபடி பிரிச்சேன், எங்க அம்மா கண்டுபிடிச்சிருவான்னு."

ஆவுடையம்மாள் அழுதாள். கண்ணீர் மேலிருந்து மகள் உச்சந்தலையில் விழுந்தது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முப்பது வருஷமாக எந்தப் படத்துக்கும், எந்தத் துணிக்கும், எந்த மனுஷருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"ஒட்டே தெரியலட்டி."

சொன்ன மாத்திரத்தில் பரணிலிருந்து நெஞ்சளவுக்கு இறங்கிவிட்டாள். மகள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள், பாதம் இன்னும் தரையில் படவில்லை. அம்மா அந்த ஈயைப் பற்றிச் சொன்னாள், இன்னும் ஒரு சாண். கிழிந்த காதில் மழைத்துளி தேங்கி நின்றதைச் சொன்னாள், இன்னும் ஒரு சாண். முழங்கால் உயரத்தில் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? மிச்சத்தையும் சொல்லிட்டு இறங்கு. ஜாக்கெட்டுத் துணியெல்லாம் குமிஞ்சு கெடக்கு, பெடலுக்குக் கால் எட்டாதுல்லா."

"எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லிட்டா, அடுத்த வாரம் நீ எதுக்கு எனக்குப் போன் பண்ணுவ?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். "மிச்சம் இருக்காம்மா?" என்று மகள் கேட்பாள், "இருக்குட்டி" என்று சொல்லி, ஒரு கொம்பின் வளைவையோ, தண்ணீரில் எருமை விட்ட மூச்சின் வட்டத்தையோ, ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு வைப்பாள். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, தீபாவளிக்கு மகள் வந்தபோது தரைக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருந்தது. படம் எப்போதோ தியேட்டரை விட்டுப் போயிருந்தது, மிதந்தவர்கள் எல்லாம் இறங்கி மறந்தும் போயிருந்தார்கள். மகள் கேட்டாள், ஆவுடையம்மாள் இருக்கு என்றாள், ஆனால் அந்த மிச்சத்தை மட்டும் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கடுத்த தீபாவளிக்கும் சொல்லவில்லை. தச்சரைக் கூப்பிட்டு மிஷின் பெடலின் மேல் ஒரு விரற்கடை கனத்துக்குப் பலகை அடித்து வாங்கிக்கொண்டாள். அவள் செருப்பு அதற்குப் பிறகு தேயவே இல்லை.